செடிவண்டியின் கூரை மைக்

ஸ்பீக்கர் கெட்டால் வண்டிக்காரருக்கே தெரிந்துவிடும். கேமரா கெட்டால் திரை கறுத்துப்போகும். ஹாரன் அடிக்கவில்லை என்றால் முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். மைக் மட்டும் அப்படியில்லை. வண்டிக்குள் இருப்பவர் ஃபோனில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார். கேட்காமல் தவிப்பவர் ஊரின் வேறொரு மூலையில் இருப்பார். பட்டறையில் நின்றுகொண்டு அந்தக் கோளாறை நம் காதால் கேட்கவே முடியாது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எந்த வயரை எதோடு சேர்ப்பது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையெல்லாம் நீங்கள் ஃபோனிலேயே பார்த்துவிடுகிறீர்கள். செடி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பிக்கப் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏனென்றால், இத்தனை வருடத்தில் என்னை அவ்வளவு அலைக்கழித்த வண்டி வேறு கிடையாது.

நான் ரிச்சர்ட்ஸ் டவுன்காரி. ஐ.டி.ஐ. முடித்த கையோடு டெலிபோன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். வரிசையின் கடைசி மேசையில் எனக்கு வேலை. வந்து சேரும் ஒவ்வொரு ரிசீவரையும் காதில் வைத்துக் கேட்டு, சரி என்றால் சரி, இல்லை என்றால் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த கார் ஸ்டீரியோ கடைக்கு வந்தேன். வேலை கற்றுக்கொண்டது அங்கே பெரிய சிரமமாக இல்லை. ஒரு இடத்தில் நிற்காத என் கால்களைக் கடைக்காரர்கள் பொறுத்துக்கொண்டதுதான் பெரிது. ஒரு வேலை முடியாமல் இருந்தால் என்னால் டீ குடிக்க முடியாது. நின்ற இடத்தில் நிற்கவும் முடியாது. வேலையை விட்ட பிறகும் அப்படித்தான். பஸ்ஸில் யாராவது ஃபோனில் “ஹலோ, ஹலோ” என்று கத்தினால் எனக்குக் கை பரபரக்கிறது.

அன்று கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அந்த வண்டி வந்தது. நாகராஜ் என்பவருடைய நர்சரி வண்டி. பின்னால் முழுக்கச் செடிகள். பெரணி, ரோஜா, தொட்டிப்பனை என்று இடைவெளியே இல்லாமல் அடுக்கியிருந்தார்கள். வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மெண்டில் அன்று மாலை கிளப் ஹவுஸ் திறப்புவிழா. மதியத்துக்குள் செடிகளை இறக்கி வரிசையாக வைத்தாக வேண்டும். ஆனால் போன தடவை இதே வண்டி ரிவர்ஸில் போய் அவர்கள் கேட் தூணை இடித்திருக்கிறது. பின்பக்கக் கேமரா இல்லாமல் இனி உள்ளே விடமாட்டோம் என்று செக்யூரிட்டி சொல்லிவிட்டார்களாம். அதனால் சரக்கோடு வண்டியை எங்களிடம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் நாகராஜ். பெரிய திரை வைத்த புது ஸ்டீரியோ ஒன்றையும் கேமராவையும் அவரே வாங்கி வந்திருந்தார். வண்டியோடு வந்த கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும்.

“அக்கா, பேகா, சீக்கிரமா முடிச்சுக் கொடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள வண்டி கெளம்பணும்” என்றார். கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார். பக்கத்தில் நின்ற டிரைவரைக் காட்டி, இவர் முருகேசன், தொண்டையில் ஆபரேஷன் ஆனவர், பேச்சு வராது, ஏதாவது என்றால் எனக்கே ஃபோன் போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டார்.

முருகேசனுக்கு ஐம்பது வயதிருக்கும். ஓசூர்ப் பக்கத்துக்காரர். கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார். நான் டேஷ்போர்டைத் திறப்பதற்கு முன்னால் அவரும் கேபினுக்குள் ஏறிக் கூரையைச் சுட்டிக் காட்டினார். அங்கே விளக்கு இருந்தது. விளக்கு எரியவில்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, விளக்குக்குப் பக்கத்தில் சல்லடைபோல இருந்த சிறிய ஓட்டைகளில் விரலை வைத்தார். அது வண்டியோடு வந்த மைக். பிறகு என் காதருகே குனிந்தார்.

“இந்த மைக்குதான் வேணும். மாத்திடாதீங்க.”

வந்தது வெறும் காற்று. அந்தக் காற்றுக்குள் சொற்கள் இருந்தன. பேச்சு வராது என்று நாகராஜ் சொன்னது சரியில்லை. முருகேசனுக்குக் குரல்தான் போயிருந்தது.

புது ஸ்டீரியோவின் பெட்டியிலேயே ஒரு மைக் இருந்தது. உங்களுக்குத் தெரியும், நீளமான வயரின் நுனியில் பட்டாணி அளவுக்கு இருக்கும். கண்ணாடிப் பக்கத்துத் தூணில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. கடையில் என்னோடு வேலை பார்த்த ஜாஃபர் அதைத்தான் செய்யச் சொன்னார். அவர் நல்ல ஃபிட்டர், கை சுத்தம், ஆனால் வாசலில் வண்டி சேர்ந்தால் பொறுக்கமாட்டார். கம்பெனி மைக்குக்குத் தேவையான மின்சாரத்தைப் பழைய ஸ்டீரியோதான் கொடுத்துக்கொண்டிருந்தது. புதியது அந்த அளவுக்குக் கொடுக்காது. அப்படியே இணைத்தால் மைக் செத்துக் கிடக்கும். அதற்கென்று தனியாக ஒரு சிறிய சர்க்யூட் போட வேண்டும். கம்பெனி பிளக்கை வெட்டிவிட்டால் வேகமாக முடியும் என்று ஜாஃபர் கட்டரை எடுத்து நீட்டினார். நான் வெட்டவில்லை. அந்தப் பிளக்கில் வந்து சேர்கிற மாதிரி தனியாக ஒரு துண்டு வயர் செய்து, சர்க்யூட்டை அதில் வைத்தேன். வண்டியில் இருப்பதை வெட்டிவிட்டால் திரும்பிப் போக வழி இருக்காது. அவசரத்தில் செய்யும் வேலைக்குத்தான் திரும்பிப் போகும் வழி அதிகம் தேவைப்படும்.

மாட்டி முடித்ததும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அந்த ஸ்டீரியோ வழியாக ஜாஃபருக்கு ஃபோன் போட்டேன். அவர் தெருமுனைக்குப் போய் நின்று கேட்டார். பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்கிறதாம். எஞ்சினைப் போட்டுப் பேசினேன், ஹாரனை அடித்துக்கொண்டே பேசினேன், அப்போதும் தெளிவாக இருந்தது. கேமராவும் வேலை செய்தது. டேஷ்போர்டை மூடினோம். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

முருகேசன் ஏறி உட்கார்ந்து நர்சரிக்கு ஃபோன் போட்டார். அங்கே ஆர்டர் எடுப்பதும், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும் சரளா என்ற பெண். அவள் எடுத்தாள். முருகேசன் பேசினார். பக்கத்து சீட்டில் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஸ்பீக்கரில் அவள் ஹலோ ஹலோ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

திரும்பப் போட்டார். மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை நான் குறுக்கிட்டு, கடையிலிருந்து பேசுகிறேன், கேட்கிறதா என்றேன். நன்றாகக் கேட்கிறது என்றாள். இப்போது முருகேசன் பேசுவார், கேள் என்றேன். அவர் பேசினார். லைன் கட்டாகிவிட்டதா அக்கா என்று கேட்டாள்.

அதன் பிறகுதான் எனக்கு நிலைகொள்ளாமல் போனது. என் சர்க்யூட்தான் சரியில்லை என்று நினைத்து டேஷ்போர்டை மறுபடி திறந்தேன். எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மீட்டர் சரியாகக் காட்டியது. மைக்கையே இறக்கிப் பார்த்தேன், அதிலும் குறையில்லை. வண்டிக்கும் மேசைக்கும் இடையில் எத்தனை தடவை நடந்திருப்பேனோ தெரியாது. கடை வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. ஆனால் அதன் நிழலை வேறொரு கார் பிடித்திருந்தது, அதன் சொந்தக்காரர் சாவியோடு எங்கேயோ போயிருந்தார். செடிவண்டி வெயிலில் நின்றது. பெரணியின் ஓரங்கள் சுருள ஆரம்பித்திருந்தன. முருகேசன் எங்கள் குழாயில் வாளியைப் பிடித்து, கையால் அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தார்.

ஜாஃபர் வந்து, அந்தப் பெட்டி மைக்கை ஒட்டி அனுப்பிவிடலாம் என்றார். சரி, ஒட்டித்தான் பார்ப்போமே என்று ஒட்டினோம். அதிலும் என் குரல் போனது, முருகேசனுடையது போகவில்லை. அப்போதுதான் கோளாறு மைக்கில் இல்லை என்று தோன்றியது. அதை எடுத்துவிட்டுக் கூரை மைக்கையே திரும்ப இணைத்தேன்.

இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். அதுவரை நான் சரளாவிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: கேட்கிறதா இல்லையா. அந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று மட்டும்தான் பதில் வரும். இந்த முறை அவளைப் பொறுமையாக இருக்கச் சொல்லி, என்ன கேட்கிறது என்று கேட்டேன். ஒன்றுமே கேட்கவில்லையா, அல்லது வேறு ஏதாவது கேட்கிறதா? முருகேசன் திரும்பவும் பேசினார். அவள் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்.

“அக்கா, மொதல்ல ‘ஹ’ன்னு ஆரம்பிக்கிறது வருது. அப்புறம் யாரோ டக்குனு வாயப் பொத்துன மாதிரி ஆயிடுது.”

நான் குரலைத் தணித்து, வெறும் காற்றாகப் பேசிப் பார்த்தேன். என் பேச்சும் காணாமல் போனது. ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்தேன். அந்த இரைச்சலும் அவளுக்குக் கேட்கவில்லை. விஷயம் புரிந்துவிட்டது. புது ஸ்டீரியோவுக்குள் சத்தத்தை வடிகட்டும் ஏற்பாடு இருந்தது. காற்று, எஞ்சின், டயர் உரசல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து நீக்கிவிட்டு, மனிதக் குரலை மட்டும் அனுப்பும். முருகேசனின் பேச்சை அது காற்று என்று எடுத்துக்கொண்டது. மைக் அவரை ஒழுங்காகக் கேட்டது. கேட்டதை எல்லாம் ஸ்டீரியோ துடைத்துப்போட்டது. செட்டிங்கில் போய் அதை அணைக்கப் பார்த்தேன். அணைந்ததாகத் திரை சொன்னது. ஆனால் எதுவும் மாறவில்லை.

லைன் இன்னும் திறந்தே இருந்தது. முருகேசன் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போயிருந்தார். பழைய ஸ்டீரியோவில் இந்தத் தொல்லையே இல்லையா என்று சரளாவிடம் கேட்டேன்.

“அதுல நல்லா வரும்க்கா. கையில ஃபோன் வெச்சுப் பேசுனா அவரு பேசுறது யாருக்குமே புரியாது. வீட்டுக்குப் பேசணும்னாக்கூட வண்டியில போய் உக்காந்துதான் பேசுவாரு. ஊர்ல அவங்க அக்கா இருக்காங்க. தெனமும் சாயங்காலம், வண்டிய ஆஃப் பண்ணிட்டு, உள்ளயே உக்காந்து பேசிட்டுதான் எறங்குவாரு.”

நான் வெளியே பார்த்தேன். அவர் ஒரு ரோஜாத் தொட்டியை மற்றொன்றின் நிழலுக்குள் நகர்த்திக்கொண்டிருந்தார்.

கழற்றிய கம்பெனி ஸ்டீரியோவையே திரும்ப மாட்டலாம் என்றால் அதில் கேமராவுக்குத் திரை கிடையாது. எங்கள் கடை அலமாரியில் பழைய மாடல் ஸ்டீரியோ ஒன்று இருந்தது. திரை சின்னது. கேமராவை இணைக்கலாம். வடிகட்டும் வித்தை எதுவும் அதில் கிடையாது. மைக்கில் விழுவதை அப்படியே அனுப்பும். அதை மாட்டினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. நிச்சயம் என்று சொல்ல முடியாது, தோன்றியது அவ்வளவுதான். ஆனால் வாடிக்கையாளர் வேண்டும் என்று வாங்கி வந்ததைக் கழற்றிவிட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒன்றை மாட்ட வேண்டும். செடியோ வாடிக்கொண்டிருக்கிறது. ஜாஃபர், இது நம் வேலை இல்லை, சொன்னதைச் செய்தாயிற்று, வண்டியை விடு ஸ்டெல்லாக்கா என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. செடி வாடினால் பழி எங்கள் மேல்தான் வரும்.

நாகராஜுக்கு என் ஃபோனிலிருந்து பேசினேன். கோபப்பட்டார். இன்னும் ஏன் வண்டி அங்கேயே நிற்கிறது என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முருகேசன் பேச வேண்டிய அவசியமில்லை, சொல்வதைக் கேட்டுக்கொண்டால் போதும், மெசேஜ் அனுப்பிக்கொள்ளலாம் என்றார். அபார்ட்மெண்டிலிருந்து ஆட்கள் டிரைவரைக் கூப்பிட்டு வழி கேட்கிறார்கள், பதில் வராததால் திட்டுகிறார்கள், எப்படியும் அடுத்த மாதம் அவரை ஓட்டுவதிலிருந்து எடுத்து நர்சரியில் தண்ணீர் ஊற்றப் போடலாம் என்றுதான் இருக்கிறேன் என்றும் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் தொழில் ஓட வேண்டும்.

வாதாடிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வாதாடினால் நேரம்தான் போகும், அவர் பிடிவாதம் கூடும். ஒரே ஒரு தடவை வண்டியின் ஸ்டீரியோவிலிருந்து கூப்பிடுகிறேன், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். முருகேசனைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஃபோனிலிருந்தே நாகராஜுக்கு அழைப்புப் போனது.

நாகராஜ் எடுத்தார். பேசுங்கள் என்று முருகேசனுக்குக் கைகாட்டினேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, கூரையை லேசாக நிமிர்ந்து பார்த்து, பேச ஆரம்பித்தார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, வெகு நேரம் பேசினார்.

ஸ்பீக்கரில் நாகராஜின் குரல் வந்தது. “ஹலோ? யாரக்கா லைன்ல? முருகேசன் பேசலியா?”

“பேசிட்டுத்தான் சார் இருக்காரு” என்றேன்.

முருகேசன் நிறுத்தவில்லை.

“இப்பவுமா?”

“இப்பவும் பேசுறாரு. செடிக்குத் தண்ணி ஊத்திட்டாராம். பெரணி மட்டும் கொஞ்சம் சோந்துருக்காம், நெழல்ல எறக்கி வெச்சா நிமிந்துரும்ங்குறாரு. கேட்டுல இந்தத் தடவ தூண் பக்கம் போகமாட்டாராம். போன தடவ இடிச்சதுக்காக உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறாரு.”

ஸ்பீக்கரில் யாரோ பின்னால் மண்வெட்டி போடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு நாகராஜ் பேசினார். குரலில் வேகம் இல்லை.

“அவர் இதெல்லாம் சொல்றார்னே எனக்குத் தெரியல அக்கா. ஏனாதரூ மாடி, என்ன வேணாலும் பண்ணுங்க. எது சரியா இருக்குமோ அத மாட்டுங்க.”

ஜாஃபர் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மறுபக்கக் கதவு வழியாக ஏறினார். கம்பெனி பிளக் வெட்டுப்படாமல் இருந்ததால் என் துண்டு வயரை அப்படியே எடுத்து அலமாரியில் இருந்த பழைய மாடலில் சேர்க்க முடிந்தது. ஸ்டீரியோவைச் சுற்றி வரும் சட்டம் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. ஜாஃபர் கையிலிருந்து அப்படியொரு வேலை வெளியே போனதே கிடையாது. முகத்தைச் சுளித்தார். சட்டத்தை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், மூடுங்கள் என்றேன். அவசரத்தில் எதை விடுவது, எதை விடக்கூடாது என்பதில்தான் நாம் குழம்புகிறோம். கண்ணில் படுவதைச் சரிசெய்துவிட்டுக் கண்ணில் படாததை விட்டுவிடுகிறோம்.

சரளாவுக்குப் போட்டோம். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு முருகேசன்தான் பேசினார்.

“சர்ருனு சத்தம் நெறைய வருது” என்றாள் சரளா. நான் மறுபடி ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். “ஆனா கேக்குதுண்ணே. நீங்க பேசுறது கேக்குது.”

அந்த இரைச்சலை எடுக்க எனக்கு ஒன்றிரண்டு வழிகள் தெரியும். எடுத்திருந்தால் தொழில் தெரிந்தவள் என்று பெயர் வாங்கியிருக்கலாம். ஆனால் எஞ்சின் இரைச்சலும் அவர் பேச்சும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் கைவைத்தால் மற்றதும் குறையும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சரளாவுக்கு அந்த இரைச்சல் பழகிவிடும். யாரோடு பேசினாலும் அவர்களுக்கும் பழகிவிடும்.

வண்டி கிளம்பியது. எங்கள் கடையின் நம்பரை முருகேசன் ஃபோனில் போட்டுக் கொடுத்திருந்தேன். ரோட்டில் ஏதாவது தகராறு என்றால் கூப்பிடச் சொன்னேன். நின்ற வண்டியில் கேட்பது வேறு, ஓடும் வண்டியில் கேட்பது வேறு. பஸ்ஸும் லாரியும் இரண்டு பக்கமும் நெருக்கும்போது என்ன ஆகுமோ. அடுத்து வந்த காரின் கதவைக் கழற்றி ஸ்பீக்கர் மாட்டினேன். மாட்டியது தலைகீழாக இருந்தது. ஜாஃபர் வந்து திருப்பி மாட்டினார். டீ வந்து ஆறிப்போனது. அவர் போய்ச் சேர்ந்தாரா, கேட்டில் உள்ளே விட்டார்களா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

கடை ஃபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். ஒரே இரைச்சல். பஸ் ஹாரன், யாரோ கத்துவது, எஞ்சின் உறுமல். அதற்கு அடியில், மெல்லிய காற்றாக, ஆனால் அறுபடாமல் வந்தது.

“அக்கா, டின் ஃபாக்டரி சிக்னல்கிட்ட நிக்குறேன். ஒண்ணும் நகரல. கேக்குதா?”

“கேக்குது. சொல்லுங்க.”

ஒரு பஸ் குறுக்கே நிற்கிறது என்றார். பெரணி நிமிர்ந்துகொண்டது என்றார். பின்னால் ஒரு ரோஜா மொட்டு விட்டிருப்பதை பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன் என்றார். அதற்குப் பிறகு அவசியமானது எதுவும் இல்லை. ஆனாலும் அவர் வைக்கவில்லை. ஓசூரில் அன்று மழை என்று, வழியில் கூப்பிட்டபோது தன் அக்கா சொன்னதாகச் சொன்னார். சாப்பிட்டாயிற்றா என்று என்னைக் கேட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் கோயில் திருவிழாவில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்தது நான்தான் என்று சொல்லிவிட்டு, தானே சிரித்தார். அந்தச் சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது.

வாசலில் ஒரு கார்க்காரர் ஹாரனை அழுத்தினார். ஜாஃபர் உள்ளே எட்டிப் பார்த்து, வரச்சொல்லிக் கையை ஆட்டினார். கொஞ்சம் இருங்கள் என்று நானும் கையைக் காட்டினேன். வைட்ஃபீல்ட் கேட் வந்து, செக்யூரிட்டி கண்ணாடியைத் தட்டும்வரை முருகேசன் பேசிக்கொண்டே போனார். நான் ஒரே இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.